காலால் இறுக்கும் வைஸ்

பெரும்பாக்கம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர். கனமான இரண்டு அலுமினியத் தகடுகளை மடியில் வைத்திருந்தவர் சொன்னார்:

"இப்பல்லாம் பட்டறையில கத்தியப் புடிக்கிற வைஸை காலாலதான் இறுக்குறேன், பாய்."

"இன்னா கூத்து இது?" என்று பாய் சிரித்தார்.

"உலையிலேர்ந்து கத்தி செவக்க வரும். இந்த மாதிரி ரெண்டு தகடுக்கு நடுவுல வெச்சு ஒடனே இறுக்கணும், இல்லன்னா ஆறும்போது வளைஞ்சுரும். என் ரெண்டு கையும் இடுக்கியில கீது. அதான் பெடல் மாட்டிட்டேன்."

"உன் தம்பிதானே இறுக்குவான்?"

"அவன் சண்ட போட்டுப் போயி ஆறு மாசமாவுது. சிறுசேரில செக்யூரிட்டியாம்."

பாய் ஒரு தகட்டைத் தூக்கிக் கனம் பார்த்தார். பிறகு, "பெடல் சரியா வேலை செய்யுதா?" என்றார்.

"செய்யுது பாய். கத்தி நேராத்தான் வருது. ஆனா இன்னும் 'இறுக்குடா'ன்னு கத்திட்டுதான் மிதிக்கிறேன்."