உண்டியல் பிடிக்கிற பிள்ளை

— கொஞ்சம் தள்ளி நில்லுக்கா. கடைக்குள்ள போறவங்க தரமாட்டாங்க, வெளிய வர்றவங்க கையிலதான் சில்லறை இருக்கும். நீ நடுவுல நின்னா உண்டியல் அவங்க கண்ணுக்கே தெரியாது.

— சரி, தள்ளிட்டேன். நான் இவ்வளவு நேரம் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. நேத்தும் அப்பா என்னைக் கேட்டாரு. அதானே?

— வெறுமனே கேக்கல. கதவு திறந்தாப் போதும், 'தம்பியா?'ன்னு தலையைத் தூக்கினாரு. நர்ஸ் வந்தாலும் தம்பியா, கூட்டுற அம்மா வந்தாலும் தம்பியா.

— மனசு கிடந்து அடிச்சுக்குதுக்கா. புரிஞ்சுக்கோயேன். நானும் போயிட்டா இதை யாரு பாக்குறது? ஒரு நிமிஷம் இரு. வணக்கம் சார், கடைசிக்கால இல்லத்துக்குங்க. உங்களால முடிஞ்சது.

— அப்படின்னா என்ன தம்பி? முதியோர் இல்லமா?

— இல்லீங்க சார். இனிமே வைத்தியம் இல்லன்னு டாக்டர் கையை விரிச்சவங்களை வெச்சுப் பாத்துக்கிற இடம். வலி தெரியாம, பக்கத்துல ஒரு ஆள் இருக்க, நிம்மதியாப் போகட்டும்னு. எங்கப்பாவே அங்கதான் இருக்காரு. யாரும் தனியாச் சாகக் கூடாது சார்.

— அப்பாவுக்காக இந்த வெயில்ல நிக்கிறியா? பெத்தா உன்ன மாதிரி ஒண்ணைப் பெக்கணும்ப்பா. இந்தா, வெச்சுக்கோ.

— ரொம்ப நன்றிங்க சார். பாத்துப் போங்க. பாத்தியாக்கா? உண்டியலைக் குலுக்கிக் கேக்கக் கூடாதுன்னு இல்லத்துல எங்களுக்குச் சட்டமே இருக்கு. நான் குலுக்கறதே இல்ல. 'அப்பா'ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

— பாத்தேன். எனக்கே அழுகை வந்துடுச்சு.

— குத்திக் காட்டாதே. அவரு படுத்திருக்கிற மெத்தையும் போடுற ஊசியும் இந்த மாதிரி உண்டியல்லேர்ந்துதான் வருது. நீ உள்ள இருந்து பாக்குற, நான் வெளிய இருந்து பாக்குறேன். அந்த இல்லம் என்ன பக்கத்துலயா இருக்கு, நினைச்சா ஓடி வர?

— தினம் சாயங்காலம் உண்டியலை எங்க ஒப்படைக்கிற?

— ஆபீஸ்ல.

— எந்த ஆபீஸ்ல? நானே சொல்றேன். இல்லத்து வாசல்லயே இருக்கே, அந்த ஆபீஸ்ல. அங்க உக்காந்திருக்கிற பொண்ணு சொல்லுச்சு. தினமும் வர்றியாம், காபி குடிக்கிறியாம், சிரிக்கச் சிரிக்கப் பேசுறியாம். 'உங்க தம்பி தங்கம்க்கா'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிச்சு. அந்த ஆபீஸை ஒட்டின நடையில திரும்பினா அப்பா கட்டில்டா.

— திரும்பினேன் ஒருநாள். கதவு வரைக்கும் வந்தேன். வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கிட்டு இருந்தாரு. கன்னம் ரெண்டும் உள்ள போயி, அது யாரோ மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன்க்கா. அப்படியே திரும்பிட்டேன். போதுமா?

— எனக்குப் பயம் இல்லன்னு யாரு சொன்னா? அந்த வாயைத்தான் தினம் துடைச்சு விடுறேன்.

— நான் கோழைதான். ஒத்துக்கிறேன்.

— நீ ஒத்துக்கிட்டா அவருக்கு வலி குறையுமா? நேத்து நர்ஸ் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. உடம்பு எப்பவோ முடிஞ்சுபோச்சு, யாருக்காகவோ உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்காரு, வர வேண்டியவங்களைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கன்னாங்க.

— சரி. வரேன். நிஜமாத்தான்க்கா, இப்பவே வரேன். உண்டியலைக் கடைக்காரர்கிட்ட குடுத்துட்டு, இல்லத்துல குடுத்த இந்த மஞ்சள் சட்டையைக் கழட்டிட்டு வந்துடுறேன். அவரு காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுடுறேன். வா, ஆட்டோ பிடிப்போம்.

— நில்லு. உன்னைக் கூப்பிட வந்தேன்னு யாரு சொன்னா?

— பின்ன எதுக்கு வந்த?

— இனிமே அந்த இல்லத்து வாசலையே மிதிக்காதேன்னு சொல்ல வந்தேன். உன் குரல்கூட அவரு காதுல விழக் கூடாது. இன்னிக்குக் காலையில அவருகிட்ட, நீ செத்துட்டன்னு சொல்லிட்டேன்.

— என்னக்கா பேசுற? சாகப்போற மனுஷன்கிட்ட போயி அப்படிச் சொல்லுவியா? எப்படித் தாங்குவாரு?

— நானும் அப்படித்தான் பயந்தேன். அவரு அழவே இல்லடா. முகம் அப்படியே தெளிஞ்சுபோச்சு. 'அதானே பாத்தேன், உசுரோட இருந்தா எம்புள்ள வராம இருப்பானா'ன்னாரு.