எது எரிச்சல் மூட்டியது என்று கேட்டவருக்கு

கல்லூரியின் இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய தொழில் வழிகாட்டி அறையின் தலைவராய்ப் பல்லாண்டு வீற்றிருந்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பிற்கினிய அக்கா அவர்களுக்கு, வாயடைத்துப் போன சகாக்கள் வாசித்தளிக்கும் மடல்.

வழி தெரியாமல் வந்தவர்க்கெல்லாம் வாசல் திறந்தவரே! விருப்பமே இல்லை என்றவரையும் விரட்டியடிக்காத வித்தகியே!

இப்படியே இரண்டு பக்கம் எழுதிச் சட்டம் போட்டுத் தந்திருப்போம். எழுதியும் வைத்திருந்தோம். போன மாதம் ஒரு மதிய இடைவேளையில் தாங்கள் சொன்ன ஒரே ஒரு பதிலால் அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போயிற்று. அந்த அதிர்ச்சியிலிருந்து நாங்கள் இன்னும் மீளவில்லை. எல்லோரையும்விட அதிகம் அதிர்ந்தவள் எங்களுள் இளையவள், தாங்களே 'கொட்டாவி' என்று பெயர் சூட்டிய துணை ஆலோசகர். அவள் கதையைச் சொல்லாமல் தங்களைப் பாராட்டும் வழி எங்களுக்குத் தெரியவில்லை.

எரிச்சலுக்கும் ஏற்றம் தந்த எங்கள் தலைவியே!

கொட்டாவி முதன்முதலில் இந்த அறைக்கு வந்தபோது கடைசி ஆண்டு மாணவி. வந்தாள் என்பதைவிட, அவள் அம்மா இழுத்து வந்தார் என்பதே சரி. தோழி சேர்ந்தாள் என்பதற்காக வணிகவியலில் சேர்ந்தவள் அவள். தோழி ஒரே வாரத்தில் வேறு பாடத்துக்கு மாறிவிட்டாள். மாறுவதற்கு மனு எழுத வேண்டும் என்ற அலுப்பில் இவள் அங்கேயே தங்கிவிட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அப்பா, கடையைப் பார்த்துக்கொள் என்றார். அத்தை வங்கித் தேர்வு என்றார். அண்ணன் கம்ப்யூட்டர் என்றான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆளில்லாத அறையில் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி போல அவளுக்குள் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது, யாருக்கும் காற்று வராமல்.

அம்மா தன் கவலையை எல்லாம் கொட்டி, அவள் பக்கம் திரும்பி 'மனசை உற்சாகமா வெச்சுக்கோடி' என்று முடித்த நேரத்தில், தங்கள் முகத்துக்கு நேராக, வாயை மூடக்கூடத் தோன்றாமல், அவள் ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். அம்மா தொடையில் கிள்ளினார்.

"நல்ல கொட்டாவிம்மா," என்றீர்கள் தாங்கள். "எது பிடிக்கும்னு உன்கிட்ட கேட்கப் போறதில்ல. நாளைக்குப் பல் டாக்டர் ஒருத்தர் கிளினிக்குல போய் உட்காரு. ஒண்ணும் செய்ய வேண்டாம். திரும்பி வந்து எது எரிச்சல் மூட்டுச்சுன்னு மட்டும் சொல்லு."

அம்மா அதிர்ந்து போனார். "மேடம், நல்ல வழி காட்டுவீங்கன்னு கூட்டிட்டு வந்தா, குறை கண்டுபிடிக்கவா அனுப்புறீங்க? அதைத்தான் இவ வீட்டுல முழு நேர வேலையா பண்றாளே!"

இதுதான் தங்கள் முறை. வேறெந்தக் கல்லூரியும் கேட்டால் சிரிக்கும் முறை. ஆசை என்ன என்று கேட்டால் பிள்ளைகள் அப்பாவின் ஆசையைச் சொல்வார்கள். எரிச்சலை மட்டும் யாராலும் கடன் வாங்க முடியாது என்பீர்கள். நம் தட்டச்சர் இந்த அறைக்கு 'உட்கார வைக்கிற ஆபீஸ்' என்றே பெயர் வைத்திருந்தார். எல்லோருக்கும் அது பலித்ததும் இல்லை. ஒருவன் போன இடமெல்லாம் தூங்கிவிட்டு வந்து, "எரிச்சலே வரல மேடம், உங்களைப் பார்த்தாத்தான் வருது," என்றான். தாங்கள் எழுந்து நின்று அவனுக்குக் கை கொடுத்தீர்கள்!

கொட்டாவி பல் மருத்துவரிடம் போனாள். பிறகு கூரியர் கிடங்குக்கு. பிறகு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, மாணவர்களுக்கென்று தாங்கள் போட்டிருந்த அந்த ஆடும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து புகார் சொன்னாள். கிளினிக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் எப்போது கூப்பிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவரைத் திட்டினார்களே தவிர, எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று காட்டவில்லை. வழக்கறிஞர் பேசப் பேச, கட்சிக்காரர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"மூணு இடத்துலயும் உனக்கு ஒரே எரிச்சல்தாண்டி வந்திருக்கு," என்றீர்கள். "என்ன நடக்குதுன்னே தெரியாம ஒருத்தர் உட்கார்ந்திருந்தா உனக்குத் தாங்கல."

அவளுக்குள் எதுவும் இல்லை என்று வீடே முடிவுகட்டியிருந்தது. அவளும் அதை நம்பியிருந்தாள். காலியென்று நினைத்த வீட்டின் உள்ளறையில் யாரோ இருமியது போல இருந்தது அவளுக்கு. அந்த இருமலைத் தொடர்ந்து போய்த்தான் அவள் ஆலோசகர் படிப்பு படித்தாள், இதே அறைக்கே துணை ஆலோசகராகத் திரும்பி வந்தாள்.

இனி, அந்த மதிய இடைவேளை.

சாப்பாட்டு மேசையில் நம் கணக்கர்தான் ஆரம்பித்தார். "ரிடையர் ஆனதும் என்ன பண்ணப் போறீங்கக்கா? ஊரெல்லாம் சுத்தப் போறீங்களா, இல்ல சொந்தமா ஆபீஸ் போட்டு எங்க பொழப்பைக் கெடுக்கப் போறீங்களா?"

தாங்கள் டப்பாவை மூடினீர்கள். மூடி பொருந்தவில்லை, மறுபடி மூடினீர்கள். "தெரியலப்பா," என்றீர்கள். "எதுலயும் பிடிப்பே இல்ல. காலைல எழுந்து செருப்பை மாட்டிட்டு எங்க போறதுன்னே புரியல."

கணக்கர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். தாங்கள் மூன்றாம் முறையும் மூடியோடு மல்லாடுவதைக் கண்டதும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. ஆயிரம் பேருக்கு வழி சொன்ன வாய், தெரியவில்லை என்றது! தட்டச்சர் எழுந்து போய், நிறைந்திருந்த தண்ணீர்ப் பாட்டிலையே மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தார்.

கொட்டாவிதான் முதலில் சுதாரித்தாள், சுதாரித்ததாக நினைத்துக்கொண்டாள். "என்னக்கா இப்படிப் பேசுறீங்க? உங்க அனுபவத்துக்கு எத்தனை பேர் கூப்பிடுவாங்க! மனசை உற்சாகமா வெச்சுக்கோங்க."

தாங்கள் அவளை நிமிர்ந்து பார்த்தீர்கள். "இதைத்தானேடி உங்கம்மா உன்கிட்ட சொன்னாங்க? அப்ப உனக்கு என்ன வந்துச்சு? கொட்டாவிதானே?"

அவள் எழுந்து படிக்கட்டுக்குப் போய் நின்றாள். முதலில் கோபம்தான் வந்தது: இவரே இப்படி என்றால் தான் நம்பி நடந்த வழியெல்லாம் என்ன? அந்தக் கோபத்தைச் சற்று நேரம் பிடித்து வைத்துப் பார்த்தாள். அது தங்கள் மேல் இல்லை என்று மெல்ல விளங்கியது. அடுத்து என்ன என்று தெரியாமல் ஒருவர் பல மாதமாக எங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து மேசையிலேயே இருந்தும் தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளினிக்கில் வந்த அதே எரிச்சல். இந்த முறை கவனிக்காமல் விட்டவளாக அவளே நின்றுகொண்டிருந்தாள். அந்த இடத்தில்தான் அவளுக்குக் கண் கலங்கியது.

அன்று மாலையே எங்கள் எல்லோரையும் கூட்டினாள். பிரிவுப் பரிசாகச் சுவர்க் கடிகாரம் வாங்க இருந்தோம். "போற இடமே தெரியாதவங்களுக்கு மணி பார்த்து என்ன ஆகப் போகுது?" என்று கேட்டாள்.

ஆகையால், அருமை அக்காவே, அதிர்ந்தும் அன்பு குறையாத நாங்கள் தங்களுக்குக் கடிகாரம் தரவில்லை. வரும் திங்கட்கிழமை கடைத்தெருவின் ரொட்டி அடுமனையில் தங்களுக்கு ஓர் இடம் பேசி வைத்திருக்கிறோம். அடுத்து நாற்றுப் பண்ணை. அதற்கடுத்து வானொலி நிலையம். அங்கே பணிபுரிபவன், தங்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது என்றானே, அவன்தான். ஒன்றும் செய்ய வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

தங்கள் பொறுமையை, நேர்மையை, ஒரு மாணவரையும் உதவாக்கரை என்று சொல்லாத நாக்கைப் புகழ எங்களுக்குச் சொற்கள் பல உண்டு. அவற்றைத் தாங்கள் திரும்பி வரும் நாளுக்கென்று வைத்திருக்கிறோம். நோயின்றி நெடுநாள் வாழுங்கள். அந்த நெடுநாளை என்ன செய்வதென்று தெரியாத நாள்களிலும் எங்கள் நடுவில் வாழுங்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இந்த அறைக்கு வாருங்கள். எது எரிச்சல் மூட்டியது என்று கேட்கக் கொட்டாவி மேசைக்கு அந்தப் பக்கம் காத்திருப்பாள். தங்களுக்கு மாணவர் நாற்காலிதான். ஆடினால்தான் பிள்ளைகள் தூங்காமல் இருப்பார்கள் என்று சொல்லித் தாங்கள் அதைப் பழுதுபார்க்க விடவே இல்லை. இன்றும் நாங்கள் அதைத் தொடவில்லை.

கை நீட்டிப் பிடித்துக்கொள்ளும் தூரத்தில் நிற்கும்,
தங்கள் அறைப் பணியாளர்கள்