பஸ்ஸோடு ஒரு பந்தயம்

எண்ணூரில் காலை பஸ் கிளம்பியதுமே, எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணே, மெதுவா ஓட்டாதண்ணே! என் பொண்டாட்டி கோச்சிக்கும்."

பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த அம்மா கேட்டாள். "பொண்டாட்டி எங்கப்பா கீது?"

"ரோட்டுல ஓடிகினு கீதுக்கா. பஸ்ஸு எடுக்கசொல்லோ அதுவும் கெளம்பும். பத்தாயிரம் மீட்டர்ல ரெண்டு வாட்டி தங்கம் வாங்கிச்சு. முன்னல்லாம் பஸ்ஸுக்கு முன்னாடியே தேரடி போய்டும். கொயந்த பொறந்தப்புறம் முடியல. அடுத்த மாசம் நேஷனல். பஸ்ஸ முந்தினாதான் பேரு குடுப்பேன்னு சொல்லிகினு கீது."

"பாவமேன்னு மெதுவா வுட்டேன்பா" என்றார் டிரைவர்.

"பாவம் பாக்காதண்ணே. தெரிஞ்சா என்னாண்ட பேசாது."

பஸ் வேகமெடுத்தது. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டெய்னர் லாரிகள்தான் தெரிந்தன.

"ஓடறது அவ. குந்திகினு வர்ற உனக்கு இன்னாத்துக்குய்யா இப்டி வேர்க்குது?" என்றாள் மீன்காரம்மா.

தேரடி ஸ்டாப்பில் அவர் மனைவி ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. சிரிக்கவில்லை.

"அண்ணன் மெதுவா ஓட்னாரா?"

"எடுத்தப்ப கொஞ்சம். சத்தம் போட்டேன். அப்பால பறந்துகினுதான் வந்தாரு."

"கொயந்த மேல சத்தியமா?"

அவர் குழந்தையின் தலையில் கை வைத்தார். "சத்தியமா."

"முழுசா அழுத்தினேம்மா" என்றார் டிரைவரும்.

அவள் குழந்தையை வாங்கி, ஈரக் கன்னத்தை அதன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி, அம்மா பேரு குடுத்துடட்டுமா?"