தலைக்கு மேல் ஒரு பட்டன்

காலை ஷிஃப்டுக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ். என் முன்சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள். இளையவர் திடீரென்று கேட்டார்:

“மேரிக்கா, ஃப்ளைட்ல தலைக்கு மேல பட்டன் கீதாமே. தெரியாம கை பட்டு நின்னுட்டா?”

“அடிப்பாவி! அது இன்னா நம்ம கம்பெனி மெஷின் லைனா, அமுக்குனதும் நிக்கறதுக்கு? ஆளு வரும்.”

“சூப்பர்வைசர் மாதிரி கத்திக்கினே வருமா?”

“சிரிச்சிக்கினே வருவாங்களாம். தண்ணி கேட்டா குடுப்பாங்களாம். துபாய் போனப்ப எங்க வூட்டுக்காரர் பாத்தாராம்.”

“திட்டவே மாட்டாங்களா?”

“மாட்டாங்கடி.”

பஸ் மண்ணூரைத் தாண்டியதும் இளையவர் மேரியின் பக்கம் திரும்பினார்.

“லைன்ல ஒருத்தருக்குத்தான் லீவுன்னாங்க. நீ உன் லீவை விட்டுக் குடுக்கலைன்னா, சிங்கப்பூர்ல கீற என் தங்கச்சி டிக்கெட் போட்டும் நான் போவ முடியாதுக்கா. உனக்கு இன்னா வாங்கியாரட்டும்?”

“ஒண்ணும் வாணாம். போகும்போது உனக்காக அந்த பட்டனை ஒருவாட்டி அமுக்கு. வரும்போது எனக்காக ஒருவாட்டி.”

“வந்து இன்னா வேணும்னு கேட்டா?”

“மேரிக்கா தண்ணி கேட்டாங்கன்னு சொல்லு. வாங்கி, மெதுவா குடி.”