சூடு போன இடம்

உச்சிவெயிலில், தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற நேரத்தில், சூப்பர்சார்ஜர் வைத்த இன்ஜின் ஒன்றை இருபது சுற்று மூச்சுவிடாமல் ஓடவைத்தேன். ஓடி நின்றதும் அதன்மேல் ஒரு பூனைக்குட்டியைப் படுக்க வைத்திருந்தால், குளிருகிறது என்று எழுந்து போயிருக்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம் ஐயா. போலீஸ் ஸ்டேஷனிலும் இரண்டு தடவை சிரித்து, தண்ணீர் கொடுத்து, "வீட்டுக்குப் போங்க பெரியவரே" என்று அனுப்பிவைத்தார்கள். ஒப்புக்கொள்ள வந்தவனை ஆட்டோ பிடித்துத் திருப்பி அனுப்பியது உலகத்திலேயே என் ஒருவனையாகத்தான் இருக்கும்.

காரணம் என் வாய். நான் வேலை பார்த்த மெக்கானிக் ஷெட்டில் எனக்கு அண்டப்புளுகர் என்று பெயர். மூன்று தெரு தள்ளிப் போகிற லாரியின் இருமலைக் கேட்டே டிரைவருக்கு என்ன வயது என்று சொல்வேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன், அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. என் மனைவியின் தம்பி, அதே ஷெட்டில் முப்பது வருடம் என்னோடு ஸ்பானர் பிடித்தவன், அவனுக்குத் தராசு என்று பெயர். நான் எதைச் சொன்னாலும் நிறுத்துப் பார்ப்பான். நிறுத்த மறுகணம், "எடை குறையுதே அத்தான்" என்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். சூப்பர்சார்ஜர் ஒரு அடாவடி மாமியார். பசிக்கிறதா என்று கேட்காமல் இன்ஜின் வாயில் காற்றைத் திணித்துக்கொண்டே இருக்கும். திணித்த காற்று சூடாகும், அதைத் தின்ற இன்ஜின் இன்னும் சூடாகும். சாலையில் ஒரு நிமிடம் மிதித்தால் அடுத்த நிமிடம் காலை எடுத்துவிடுவோம், தப்பித்துக்கொள்ளும். பந்தயத் தடத்தில் அந்தக் கருணை கிடையாது. நாலாவது சுற்றில் சூடு காட்டும் முள் ஏறும். ஆறாவதில் கம்ப்யூட்டர் பயந்து வேகத்தை வெட்டும். எட்டாவதில் தண்ணீர் கொதிக்கும்.

என் இன்ஜின் இரண்டு முறை கொதித்தது. ஓய்வு பெற்ற பிறகு, பதினான்கு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டையும் நானே முறுக்கிச் சேர்த்த இன்ஜின். ஊர் பார்க்க, நீராவி விட்டுக்கொண்டு நடுத்தடத்தில் நின்றது. தடத்தோரம் கார்களைக் கவனிக்கிற பிட்டில், எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவன் டீத்தூள் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினான். கார் முதலாளி நல்ல மனிதர், சத்தமே போடவில்லை. "இன்னொரு தடவ கொதிச்சா இத எறக்கிட்டு கம்பெனி இன்ஜின் வெச்சிடறேன் பெரியவரே. நீங்களும் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

ரெஸ்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வீட்டில் எனக்கு மிச்சமிருந்த ஒரே உத்தியோகம் காலண்டரில் தேதி கிழிப்பது. ஒருநாள் இரண்டு தாளாகக் கிழித்துவிட்டேன் என்று அதையும் என் மகள் வாங்கிக்கொண்டாள். அந்த இன்ஜினும் போனால் நான் எதற்கு எழுந்திருப்பது என்று விடிய விடிய யோசித்தேன்.

செய்யாத வைத்தியம் இல்லை. பெரிய ரேடியேட்டர் போட்டேன். காற்று ரேடியேட்டரை ஏமாற்றிவிட்டுப் பக்கவாட்டில் ஓடாமல் இருக்கச் சந்துபொந்தெல்லாம் ஸ்பாஞ்ச் அடைத்தேன். பானட்டில் ஓட்டை வெட்டினேன். குழாயில் மாட்டிய காற்றைக் கைக்குழந்தைக்கு ஏப்பம் எடுப்பதுபோலத் தட்டித் தட்டி எடுத்தேன். பன்னிரண்டு சுற்றுவரை தாங்கியது. பந்தயம் இருபது சுற்று.

சூடு செத்துப்போகாது ஐயா. ஓரிடத்தில் துரத்தினால் இன்னோரிடத்தில் போய் உட்காரும். எங்கே உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு காரிலும் டேஷ்போர்டுக்குப் பின்னால், குளிர்காலத்துக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. ஹீட்டர். அதைத் திறந்துவிட்டால் இன்ஜினின் சூடு காருக்குள்ளே வந்துவிடும். பழைய வித்தைதான், டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

காரை ஓட்டியவன் என் மாப்பிள்ளை, மகளின் புருஷன். தங்கமான பையன். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சோதனை ஓட்டத்தில் ஹீட்டரை முழுதாகத் திறந்து, கண்ணாடியை இறக்கி நாலு சுற்று போனான். முள் பூனைபோல இறங்கியது. ஐந்தாவதில் திரும்ப ஏறிவிட்டது. சொட்டச்சொட்ட இறங்கிவந்து, "என் வேர்வையிலயே காரக் கழுவிடலாம் மாமா. தாங்கல, கை தானா போயி ஆஃப் பண்ணிடுச்சு" என்றான்.

அப்போதுதான் குறை எங்கே என்று புரிந்தது. குறை ஹீட்டரைத் திறந்து மூடும் அந்தத் திருகில் இருந்தது.

பந்தயத்தன்று காலை, டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டு, ஹீட்டர் வால்வைத் திறந்த நிலையில் கட்டுக்கம்பியால் கட்டினேன். திருகு வெளியே சுற்றும். உள்ளே ஒன்றும் நடக்காது. ஹீட்டர் விசிறிக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் கொடுத்தேன். கண்ணாடி திறந்திருந்தால் காற்று புகுந்து காரைப் பின்னால் இழுக்கும், சுற்றுக்கு அரை விநாடி நஷ்டம். அதனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதன் ஃபியூஸைப் பிடுங்கினேன். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. ஓட்டுகிறவனுக்கு எதற்கு வீண் கவலை.

ஆறாவது சுற்றில் ஹெல்மெட் மைக்கில் கூப்பிட்டான். "மாமா, ஹீட்டர் ஆஃப் ஆக மாட்டேங்குது."

"பாத்துக்கலாம் மாப்ள. முள்ளு எங்க இருக்கு?"

"நடுவுல."

"அப்புறம் என்ன?"

பதினோராவதில், "கண்ணாடி எறங்கல மாமா. நான் உள்ள வந்துடறேன்" என்றான்.

"வந்தா இன்ஜினத் தூக்கிடுவாங்க. என் பேரு உன் கையிலதான் இருக்கு, பாத்துக்கோ."

"சரி மாமா" என்றான். நான் சொன்னேனே, தங்கமான பையன்.

பதினைந்தாவதில் வேர்வை நின்றுவிட்டது என்றான். பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பதினேழாவதில் என்னை அப்பா என்று கூப்பிட்டு, பள்ளிக்கூட மணி அடித்துவிட்டதா என்று கேட்டான். அவனுடைய அப்பா போய்ப் பதினைந்து வருடமாகிறது. முள் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "நடுவுல" என்றான். அதை மட்டும் சரியாகச் சொன்னான்.

இருபதாவது சுற்று முடிந்து கார் ஊர்ந்து வந்து, பிட் சுவரில் லேசாக உரசி நின்றது. நான் ஓடிப்போய் பானட்டைத் திறந்தேன். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து பிட்காரனையும் கூப்பிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. அதற்குள் நாலு நிமிடம் ஆகியிருக்கும். கார் கதவைத் திறந்தது, பிட்டில் எனக்குக் கையாளாக வந்திருந்த தராசுதான். உள்ளேயிருந்து வந்த அனலில் அவன் புருவம் கருகிற்று என்று வேறு சமயமாக இருந்தால் சொல்லியிருப்பேன். இந்த இடத்தில் எதையும் கூட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மாப்பிள்ளையின் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, கோடு இதோடு முடிகிறது என்றார். சாயங்காலம் போய்ச் சேர்ந்தான்.

டேஷ்போர்டைக் கழற்றிப் பார்க்காமலே, ஹீட்டர் வால்வு தானாகச் சிக்கிக்கொண்டது, விபத்து என்று போலீஸில் எழுதினார்கள். தராசு அப்படித்தான் சாட்சி சொன்னானாம். அதை எனக்கு வாசித்தும் காட்டினார்கள். வால்வு தானாகச் சிக்கியது என்றால் முள்ளும் தானாகத்தான் நின்றது என்று ஆகிறது. அப்படியானால் என் பதினான்கு மாதம் என்ன ஆனது? நீங்களே சொல்லுங்கள் ஐயா.

மூன்றாவது தடவை ஸ்டேஷனுக்குப் போனபோது என்னை அழைத்துப்போக மகளும் தராசும் வந்தார்கள். மகள் இன்ஸ்பெக்டரிடம் கைகூப்பினாள். "எங்கப்பா வாயத் தொறந்தாலே புளுகுதான் சார். அவரு போன துக்கத்துல என்னென்னமோ பேசறாரு. மாப்ளமேல உயிரையே வெச்சிருந்தார்."

"அத்தான், போதும், வாங்க" என்று தராசு என் தோளைப் பிடித்தான். "நீங்க அளப்பீங்க, ஒத்துக்கறேன். ஆனா இத நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

முப்பது வருடமாக என்னை நம்பாதவன், இப்போதும் நம்பவில்லை. கார் ஸ்டேஷன் பின்கட்டில்தான் நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தேன். அந்த டேஷ்போர்டை ஒருமுறை, ஒரே ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். என்னைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பத்தான் அவர் சம்மதித்தார்.

தராசு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே மல்லாந்து படுத்தான். நாலு ஸ்குரூ கழன்று விழும் சத்தம் கேட்டது. அவன் கால் மட்டும் கதவுக்கு வெளியே தெரிந்தது.

"தானாதானே மாமா சிக்கியிருக்கு?" என்று என் மகள் குனிந்து கேட்டாள்.

அவன் வெளியே வந்து கட்டாந்தரையில் உட்கார்ந்தான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தானா சிக்கலம்மா. கம்பி போட்டுக் கட்டியிருக்கு. உங்கப்பா கட்டுதான். அவரு ஒருத்தர்தான் இப்படி இறுக்கமா, இவ்ளோ நேர்த்தியா கட்டுவாரு."

நேர்த்தியா என்றான் ஐயா. என் மகளின் காதுபடச் சொன்னான்.