வெள்ளிக்கிழமைப் பானை

எனக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும் ஐயா. பொறுமைதான் கொஞ்சம் குறைவு.

ஜவாத் எங்கள் பட்டறை முதலாளியின் மருமகன். மராகேஷ் ஹம்மாம்களின், அதாவது பொதுக் குளியலறைகளின், கொதிகலன்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். அதற்குள் இருக்கும் சிப்புக்கு இருபத்தாறு வருடமாக அசெம்ப்ளி மொழியில் புரோகிராம் எழுதியவள் நான். போன வருடம் ரமலான் முடிந்ததும் முதலாளி அவனைக் கூட்டிவந்தார். "துரிய்யா, இவருக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடு. அடுத்த வருஷம் உன் நாற்காலி இவருக்குத்தான்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

ஒரு வருடம் தலைகீழாக நின்று பார்த்தேன். ரெஜிஸ்டர் என்பது சிப்பின் கை, கையில் இருப்பதை எங்காவது பத்திரப்படுத்தாமல் இன்னொன்றை எடுத்தால் முதலாவது போச்சு என்று நூறு தடவை சொன்னேன். ஸ்டாக் என்ற அடுக்கில் வைத்ததைத் திரும்பும்போது எடுக்க மறப்பான். புரோகிராம் எங்கோ போய்த் தொலையும். "மெஷின் சரியில்லக்கா" என்பான். இருபத்தாறு வருடம் சரியாக இருந்த மெஷின். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

லிங்க்கரை அவன் மதிக்கவே இல்லை. அசெம்ப்ளர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக எண்களாக மாற்றும். அவற்றைக் கோத்து ஒன்றாக்குவது லிங்க்கர். அது பெயரை மட்டும்தான் பார்க்கும். தண்ணீரைப் பார்க்கும் பகுதியைக் கூப்பிட்டால், அந்தப் பெயரோடு முதலில் கையில் வந்ததை எடுத்துக்கொள்ளும். அசல் உள்ளே எங்கள் புரோகிராம் நூலகத்தில் இருந்தாலும் எட்டிப் பார்க்காது, முணுமுணுக்கவும் செய்யாது. எதை எங்கிருந்து எடுத்தேன் என்று கடைசியில் ஒரு பட்டியல் எழுதிவைக்கும், அவ்வளவுதான்.

"அந்தப் பட்டியலைப் படிங்க ஜவாத்."

"தப்புன்னு ஒண்ணும் வரலையேக்கா, அப்புறம் எதுக்கு? தொழுகைக்குப் போறவங்க செருப்பைக்கூட எண்ணுவீங்க போலிருக்கே."

பட்டறையே சிரித்தது.

முதல் மாதப் பயிற்சிக்காக நான் அவனுக்குத் தண்ணீரைப் பார்க்கும் பகுதியின் பெயரிலேயே ஒரு பொய்க் கோப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். மேசைமேல் கொதிகலன் கிடையாதே, அதனால் எப்போது கேட்டாலும் 'தண்ணீர் நிறைய இருக்கிறது' என்று சொல்லும். இரண்டே வரி. அசல் அப்படியில்லை. நீர் இறங்கினால் அடுப்புக்குள் எரிக்க ஆலிவ் கொட்டை தள்ளுவதை நிறுத்தி, மணி அடிக்கும்.

அவன் தனியாகச் செய்த முதல் பெட்டி எங்கள் தெரு ஹம்மாமுக்குப் போனது. வியாழக்கிழமை மதியம் பொருத்தினான். அங்கே அடுப்பு பார்ப்பவர் மபாரக். தெருவில் பாதி வீட்டின் தஞ்சியா, அதாவது இறைச்சிப் பானை, வியாழன் மாலை அவருடைய அடுப்புச் சாம்பலுக்குள் போய் வெள்ளி மதியம் வெந்து திரும்பும். "இன்ஜினியரம்மா, இந்த வாரமும் எலுமிச்சை தூக்கலா?" என்று பானையை மோந்து பார்த்துக் கேட்பார். நல்ல மனிதர்.

வெள்ளி காலை தெருக்குழாயில் தண்ணீர் வராது என்று வார ஆரம்பத்திலேயே அறிவித்திருந்தார்கள். கலன் வற்றியது. மணி அடிக்கவில்லை. பத்தரைக்குக் குழாயில் தண்ணீர் திரும்பி, சிவக்கக் காய்ந்திருந்த கலனுக்குள் பாய்ந்தது. கலன் வெடித்தது. மபாரக் அடுப்பு வாய்க்கு அருகில்தான் உட்கார்ந்திருந்தார். மதியத் தொழுகைக்கு முன் இறந்துபோனார்.

ஜவாத் விசாரணையில் உங்களிடம் அழுதுகொண்டு சொன்னது உண்மைதான். பொய்க் கோப்பை அவன் முன்பே நீக்கிவிட்டிருந்தான். புதன்கிழமை அவன் சாப்பிடப் போனபோது அதைத் திரும்பச் சேர்த்தது நான். லிங்க்கருக்குக் கொடுக்கும் கட்டளையில் ஒரே ஒரு பெயர். பட்டியலைப் படித்திருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். படிப்பான், பதறிக்கொண்டு என்னிடம் ஓடிவருவான், முதலாளியும் அதைப் பார்ப்பார் என்று நம்பினேன். யாரையும் கொல்ல நினைக்கவில்லை. நேற்றுவரை உங்களிடம் இதைத்தான் சொன்னேன், எனக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். சாம்பலில் பதினான்கு பானைகள் உடைந்து கிடந்தன, பதினோரு வருடமாக ஒரு வியாழனும் தவறாமல் அனுப்பியவளின் பானை அதில் ஏன் இல்லை என்று.

அது என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. வியாழன் மாலை இறைச்சி, பூண்டு, குங்குமப்பூ எல்லாம் போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டி, வாசல்வரை கொண்டுவந்தேன். வழக்கம்போல மபாரக் வந்து நின்றார்.

"குடுங்க இன்ஜினியரம்மா" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"இந்த வாரம் வேண்டாண்ணே" என்று உள்ளே எடுத்துப் போய்விட்டேன். நல்ல பானை ஐயா, அந்த மாதிரி மண் இப்போது கிடைப்பதில்லை.

ஜவாத் பட்டியலைப் படிப்பான் என்று உண்மையாகவே நம்பியிருந்தால், பானையை அவர் கையில் கொடுத்திருப்பேன்.