சமையலறைக்குப் பின்னால் மூன்று அறைகள்

தேனுகா (மனதுக்குள்): இண்டைக்குக் கேட்கத்தான் போறார். வீட்டுக்குப் பின்னால அறை கட்டுற பிளானை நாளைக்கு சிட்டி ஒவ்வீசில குடுக்கவேணும். மூண்டாவது அறை வேண்டாமெண்டு சொல்ல வாய் உன்னுறதும், பிறகு சுத்தியலைத் தூக்குறதும்... பாவம், இந்த மனுசனுக்கு ஒளிக்கத் தெரியாது.

யசிந்தன்: தேனு! ஓடி வாரும்!

தேனுகா: என்ன, காலில போட்டிட்டியளோ?

யசிந்தன்: யன்னலப்பா, யன்னல்! பிளாஸ்ரரை உடைக்க உள்ளுக்கு யன்னல்!

தேனுகா: மெதுவா. இந்த வெக்ஸ்போர்ட் ஊர் முழுக்கக் கேக்கப்போகுது. சுவருக்குள்ள என்ன யன்னல்...

யசிந்தன்: கையை வையும். கண்ணாடி! ஒரு வெடிப்பு இல்லை!

தேனுகா: ஐயோ... ஓம்! பொறுங்கோ, தூசைத் துடைக்கிறன். இது எங்கட படுக்கையறைச் சுவரெல்லோ?

யசிந்தன்: அதுதான்! இந்தக் கல்லுச் சுவர் ஒருகாலத்தில வெளிச்சுவர். இந்த வீட்டின்ர முதல் சொந்தக்காரன், அந்த இங்கிலாந்துக்காரன், இந்த நாட்டில வந்திறங்கி முதல் கட்டினது எங்கட படுக்கையறை மட்டும்தான்!

தேனுகா: அதுக்குள்ளயோ முழுக் குடும்பமும்?

யசிந்தன்: பிறகு முன்னுக்குச் செங்கல்லில ரண்டு அறை. பிறகு மேல்மாடி. கடைசியா இந்தப் பலகைச் சமையலறை. ஒட்டி ஒட்டியே வீட்டைப் பெருப்பிச்சிருக்கிறாங்கள்!

தேனுகா: அதுதான் ஒரு நிலம் மேடு, ஒரு நிலம் பள்ளம். நான் இடறி விழேக்க எல்லாம் அவனைத்தான் திட்டுறனான்.

யசிந்தன்: இனி?

தேனுகா: இனிக் கும்பிடுறன்! இஞ்சருங்கோ, கண்ணாடிக்கு அங்கால பாருங்கோ. திரைச்சீலைக் கம்பி!

யசிந்தன்: கழட்ட மறந்துபோனான்.

தேனுகா: மறக்கேல்லை. மனம் வந்திராது.

யசிந்தன்: உமக்கு எல்லாத்திலயும் ஒரு கதை... தேனு, அடுத்து ஒட்டப்போறது நாங்கள்! ஊரில சண்டை முடிஞ்சு, அம்மாவும் அக்காவும் உயிரோட முகாமில... நேற்றுப் போனில அம்மாவின்ர குரலைக் கேட்டீரெல்லோ?

தேனுகா: "குளிருமோ மோனை" எண்டுதானே முதல் கேள்வி!

யசிந்தன்: அவை இஞ்ச வந்தால் அம்மாவுக்கு வெயில் விழுற அறை. பக்கத்தில அக்கா.

தேனுகா: அங்கால என்ர தம்பி அன்புராசா.

யசிந்தன்: ம்... நான் யோசிச்சன். இப்போதைக்கு ரண்டு காணும்.

தேனுகா: மூண்டெண்டு புல்லில கயிறு கட்டினது நீங்கள்தானே? "மச்சானுக்குப் பெரிசா வேணும், அவன் நெடுவல்" எண்டு?

யசிந்தன்: அந்த அறை வந்தால் உம்மட சமையலறை யன்னல் மூடுப்பட்டுப்போம். இந்த யன்னலுக்கு நடந்ததைக் கண்டீர்தானே?

தேனுகா: லைட்டைப் போடுவம்.

யசிந்தன்: சமைக்கேக்க அந்த மேப்பிள் மரத்தைப் பாக்கிறனீர்...

தேனுகா: வெளியில போய்ப் பாக்கிறன்.

யசிந்தன்: பிறகும் ஒட்டலாம்தானே... அந்தக் கயிறை மட்டும் அவிழ்த்து விடட்டே?

தேனுகா: என்ர தம்பி வந்தால் எங்க படுக்கிறது?

யசிந்தன்: தேனு...

தேனுகா: ஆர் சொன்னது உங்களுக்கு?

யசிந்தன்: என்னத்தை?

தேனுகா: என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

யசிந்தன்: ...தில்லையம்பலம் அங்கிள். முந்தநாள் முகாமிலயிருந்து போன் எடுத்தவர். சண்டையின்ர கடைசி நாள்... அன்புராசா செத்து விழேக்க தான் பக்கத்தில நிண்டதாம். நீர் தாங்கமாட்டீர் எண்டு...

தேனுகா: எனக்குப் பேபி மச்சாள் வைகாசியிலயே சொல்லிப்போட்டா. உங்கட அம்மா உயிரோட எண்டு நீங்கள் இந்தச் சமையலறைக்குள்ள நிண்டு துள்ளின அண்டைக்கு. அந்தச் சிரிப்பைக் கெடுக்க என்னால ஏலேல்லை... கயிறை அவிழ்க்காதேங்கோ. மூண்டு அறைதான்.